கூரை எறங்குற கேம்

3 ஜூலை, வியாழன்

வெயில் கொளுத்துது. காத்து இருக்கு, ஆனா புழுதிக் காத்து. கொடியில காயப்போட்ட வெள்ளை வேட்டி மண்ணு கலராகிப் போச்சு.

காலை வேலை: ரைஸ் குக்கரைப் பரண்ல ஏத்துனது. பெட்டியிலேர்ந்து எடுக்கிறப்ப வ. பாத்துட்டா. (வ. = வளர்மதி, என் வீட்டுக்காரி. ஒவ்வொரு தடவையும் முழுப் பேரு எழுத எனக்குப் பொறுமை இல்ல.)

"என்னங்க இது, குக்கரா? புதுசா?"

"ஆமா. ஆஃபர்ல கெடச்சுச்சு."

வாங்கித் தொறந்து பாத்தா. உள்பாத்திரம் பூரா கீறல். வயர்ல டேப் சுத்திருக்கு. மூடித் திருப்பிக் குடுத்துட்டா. நான் ஏணியில ஏறிட்டேன்.

இன்னிக்கு முடிக்க வேண்டியது:
முடி வெட்டு
வண்டிக்கு செயின்
கனிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்
வ. கிட்ட சொல்றது

மொத மூணும் முடிஞ்சுச்சு. கடைசி ஒண்ணு நான் வந்து எறங்குன நாள்லேர்ந்து அப்படியே கெடக்கு.

இங்கயாச்சும் எழுதி வைக்கிறேன். நான் திரும்பிப் போகப் போறதில்ல. சார்ஜாவுல ஏசி டக்ட் ஃபிட்டர் வேலை முடிஞ்சுச்சு. கம்பெனி அனுப்பல. ரெனிவல் பேப்பரை நீட்டத்தான் செஞ்சாங்க. ஆபீஸ் பொண்ணு பேனாவக் குடுத்துச்சு. நான் பேனாவ வாங்கி, மூடியப் போட்டு, அது கையிலயே குடுத்துட்டேன். வீட்டுல எல்லாருக்கும் லீவுல வந்திருக்கேன்னுதான் தெரியும். 20ந்தேதி வாக்குல பயணம்னு வாய் தவறி ஏர்போர்ட்லயே சொல்லித் தொலைச்சேன்.

மத்தியானம் கேம் டப்பா. லெவல் 31. கூரை ரெண்டு தடவை எறங்குச்சு, சமாளிச்சேன்.

4 ஜூலை, வெள்ளி

காலையில மாவு யாவாரத்துல ஒத்தாசை பண்றேன்னு போயி அசிங்கப்பட்டேன்.

வ. மூணு வருசமா இட்லி மாவு அரைச்சு விக்கிறா. கிரைண்டர் ரெண்டு. சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவே தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு வந்துருது. நான் போன்ல கேட்டிருக்கேன், கண்ணால இப்பத்தேன் பாக்கிறேன். உளுந்தை அள்ளிப் போடுறேன்னு அரிசி கிரைண்டர்ல போட்டுட்டேன்.

"ஏங்க, நீங்க அங்கிட்டுப் போயி உக்காருங்களேன்."

அங்கிட்டுன்னா எங்கிட்டு? வாசல்ல செருப்பு, கூடத்துல மாவு பக்கெட்டு, உள்ரூம்ல மக கனி படிக்குது. ப்ளஸ் ஒன். லைட்டைப் போட்டா ஒரு மொறைப்பு, ஃபேனைப் போட்டா ஒரு மொறைப்பு. நான் கட்டுன வீட்டுல நான் உக்கார ஒரு மூலையத் தேடிக்கிட்டு அலையுறேன். எரிச்சலா வருது.

கடைசில கட்டில் ஓரம். டப்பா.

டப்பாவப் பத்தி இதுல எழுதவே இல்லையே. மடக்குற கேம் டப்பா, ரெண்டு ஸ்கிரீன், சாம்பல் கலரு. ஒரு பக்கக் கீலு ஒடஞ்சதை டக்ட் டேப் போட்டு ஒட்டுனது நாந்தேன். பட்டன்ல எழுத்தெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. சார்ஜாவுல எங்க ரூம்ல எட்டுப் பேரும் ஆடுன டப்பா. அதுல ஒரே ஒரு கேம்தான் ஆடுவோம், பபுள்: கீழேர்ந்து கலர் குண்டை அடிக்கணும், மேல கூரை எறங்கி எறங்கி வரும், பபுளு கோட்டைத் தொட்டா செத்தோம். செத்தா அடுத்த ஆள் கையில குடுத்துறணும், அதான் ரூம் சட்டம். பாகிஸ்தான் டிரைவர், நேபாளி தம்பி, மலையாளி ஒருத்தன், யாருக்கும் யாரு பாஷையும் தெரியாது, ஆனா "பச்சை! பச்சை அங்க!"ன்னு விரலை நீட்டிக் கத்துறது எல்லாருக்கும் புரியும். நான் கெளம்புறப்ப அதைத் துண்டுல சுத்திக் குடுத்துட்டாங்க. அழுதுட்டேன். மலையாளி மட்டும், "சேட்டா, வீட்டுல போய் தோக்காதே"ன்னான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சுமதி வந்துச்சு. கையில மஞ்சப்பை. இட்லிப்பொடி, எலுமிச்சங்கா ஊறுகா. அது தம்பி தங்கராசுக்குக் குடுக்கணுமாம், அவன் சார்ஜாவுக்குப் பக்கத்துல அஜ்மான்ல இருக்கான்.

"வளரு அக்கா சொன்னுச்சு, 20ந்தேதி பயணமாமே. ஒரு கிலோதேன் அண்ணே, ஒங்களுக்குக் கனமே தெரியாது."

வேணாம்னு எப்படிச் சொல்றது? ஊருல பயணம் போறவன் பார்சல் வேணாம்னா முடிஞ்சுச்சு கதை. "பவுசு வந்துருச்சு"ன்னு அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லுவாங்க. நானே எத்தனை தடவை குடுத்து விட்டிருக்கேன், தூக்கிட்டும் போயிருக்கேன். வாங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

ஆட்டுக்கறி. வெயிலு. கறி தின்ன மயக்கத்துல ரெண்டு மணி நேரம் தூங்கிட்டேன்.

எந்திரிச்சு டப்பாவத் தொறந்தா லெவல் 37. நான் வுட்டது 34ல. கனிகிட்ட கேட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா அந்தப் பழைய டப்பா? டச் கூட ஒழுங்கா வேலை செய்யல."

பொய் சொல்ற மூஞ்சி இல்ல. ஒருவேளை நானே ஆடிட்டு மறந்துட்டனா? மண்டை அப்படித்தான் இருக்கு இப்போ.

நாலு மணிக்குத் தெருமுக்கு பாத்திமா அக்கா. மாவு வாங்க வந்துச்சுன்னு பாத்தா கையில பொட்டலம். நாலு சுத்து பாலித்தீன், மேல பிரவுன் டேப்பு, அதுக்கு மேல மார்க்கர்ல அவுக மகன் பேரு, நம்பர். ஜெகதாப்பட்டினத்துலேர்ந்து வாங்குன நெத்திலிக் கருவாடு.

"வாடை வராது தம்பி, நல்லா சுத்திட்டேன். வளருதேன் சொன்னுச்சு, தாராளமா குடுங்கக்கா, அவரு பொட்டில எடமிருக்குன்னு."

வாடை வருது. இப்ப எழுதுறப்பகூட வருது.

பார்சல் மொத்தம் ரெண்டு. கட்டிலுக்கு அடி.

சொல்லியிருக்கணும். பாத்திமா அக்கா போனதும் வ. பக்கத்துலதேன் நின்னா. "வளரு"ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. நான், "மோர் இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டா. டொக்குன்னு வச்சா.

8 ஜூலை, செவ்வாய்

கடைவாய்ப் பல்லு வலி. கிராம்பு வச்சுப் பாத்தேன், எரியுது.

பின்பக்கம் வ. போன்ல பேசுறது காதுல விழுந்துச்சு: "ஆமா மதினி, 20ந்தேதிதேன். ஒரு கிலோதானே, என்ன வந்துருச்சு, குடுத்து விடுங்க. அவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு."

என்னை அனுப்புறதுல இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்? எல்லாருகிட்டயும் தேதியச் சொல்லிட்டுத் திரியுறா. ஒரு தடவைகூட, "ஏங்க, இன்னும் பத்து நாள் தள்ளிப் போகக் கூடாதா?"ன்னு கேக்கல. போன லீவுல கேட்டா. அதுக்கு முந்துன லீவுல அழுதா. இந்தத் தடவை டேப்பு, கத்திரிக்கோல், மார்க்கர் எல்லாம் எடுத்து ஒரு டப்பாவுல போட்டுத் தயாரா வச்சிருக்கா.

நான் இல்லாமப் பழகிப் போச்சு. அவளுக்குன்னு ஒரு யாவாரம், ஒரு நேரம், ஒரு தெரு. நான் வந்தா அரிசி கிரைண்டர்ல உளுந்து. நான் இங்கயே இருக்கப் போறேன்னு சொன்னா மூஞ்சி எப்படி மாறும்னு நெனச்சாலே பயமா இருக்கு. அதுக்குத்தேன் சொல்லாம இருக்கேன். வேற ஒரு காரணமும் இல்ல.

மத்தியானம் லெவல் 39. கைமாத்தி ஆட ஆள் இல்லாம ஆடுறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு. செத்தா நானே எனக்குக் குடுத்துக்க வேண்டியிருக்கு.

சாயங்காலம் மதினி ஆள் விட்டு அனுப்புனது: அதிரசம் ஒரு டின்னு. பார்சல் மூணு.

9 ஜூலை, புதன்

மேகம் போட்டுச்சு, மழை இல்ல. காலையிலேர்ந்து ஒரு எடத்துல கால் நிக்கல. மார்க்கெட்டுக்குப் போனேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், டீ குடிச்சேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பாக்குறவன் எல்லாம் ஒரே கேள்வி. "எப்ப மாப்ள பயணம்?" வந்தவனை ஒருத்தனாச்சும் "எப்ப வந்தே?"ன்னு கேக்கணுமே! கேக்க மாட்டான்.

டீக்கடையில போன்ல அதே பபுள் கேமை ஏத்திப் பாத்தேன். தூ. ரெண்டு ஆட்டம் ஆடுனா நகைக்கடை விளம்பரம். மூணாவது ஆட்டத்துக்கு உயிர் வாங்கணுமாம். நடுவுல பேங்க்லேர்ந்து போன், லோன் வேணுமான்னு. பபுளை ஒடைக்க விடாம ஊரே வந்து நிக்குது.

டப்பாவுல அது கெடையாது. மடக்குனா நிக்கும், தொறந்தா வுட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். யாரும் கூப்பிட முடியாது. நாந்தேன், அம்புக்குறிதேன், மேல இருக்குற கலருதேன். ஒரே கலரு மூணு சேந்தா ஒடையும். அவ்வளவுதான் சட்டம். சின்னப் புள்ளைக்கும் தெரியும், அம்பது வயசு பாகிஸ்தான் டிரைவருக்கும் தெரியும். ஆனா ஏன் அலுக்க மாட்டேங்குது?

யோசிச்சுப் பாத்தேன். ஒடைக்கிறது சொகந்தேன், அந்த 'பொப்'ன்னு சத்தம். அதைவிட, செவத்துல பட்டுத் தெறிச்சுப் போயி நெனச்ச எடத்துல ஒட்டுறப்ப வர்ற திருப்தி. அதைவிட, மேல ஒரு ஒத்தைப் பபுளு போனதும் அதைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்த கொத்து பூரா பொலபொலன்னு கொட்டுறது. நான் ஒவ்வொண்ணா ஒடச்சிருந்தா இருவது குண்டு வேணும். ஒரே குண்டுல போகும். வாழ்க்கையில அப்படி ஒரு நாளும் எதுவும் எனக்குக் கொட்டுனதில்ல. அதுக்குத்தேன் ஆடுறேன் போல. ரூம்ல எட்டுப் பேரும் அதுக்குத்தேன் ஆடிருப்போம்.

அடுத்து என்ன கலரு வரப்போகுதுன்னு கீழ ஓரத்துல காட்டிரும். அது பெரிய தைரியம். வீட்டுல அப்படி ஒண்ணும் காட்ட மாட்டேங்குது.

லெவல் 44. நான் 41ல வுட்டேன். இப்ப நிச்சயமாத் தெரியுது, நான் இல்ல.

10 ஜூலை, வியாழன்

கரண்டு இல்ல, காலை ஒம்பதுலேர்ந்து. மெயின்டனன்ஸாம். கிரைண்டர் நின்னு போச்சு, வ. தெருவுல உள்ள எல்லாரையும் திட்டித் தீத்துட்டா. கருவாடு வேற வேர்க்குது.

பதினோரு மணிக்கு மாணிக்கம் மாமா. ஆவுடையார்கோயில் பக்கத்துலேர்ந்து பஸ்ஸுல வந்திருக்காரு. வ.வுக்குத் தூரத்து சொந்தம். சட்டைப் பைக்குள்ளேர்ந்து ஒரு கவரு எடுத்தாரு. மாத்திரை. சுகருக்கு. அவரு மகன் குமாருக்கு. அவனும் சார்ஜாதேன், எங்க லேபர் கேம்ப்புக்கு நாலு கேட் தள்ளி.

"அங்கன டாக்டரைப் பாக்க லீவு தர மாட்டேங்குறானாம் மாப்ள. எப்பவும் இங்கேர்ந்துதேன் போகும். கையில இருக்கறது இந்த மாசம் 22, 23 வரைக்கும் வருமாம். நீங்க 20 போறீகன்னு கேள்விப்பட்டதும் தெய்வமாப் பாத்து அனுப்புச்சுன்னு ஓடியாந்தேன்."

வ. அங்கதேன் நின்னா. அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மாமா, ஒங்களுக்கு யாரு..."ன்னு ஆரம்பிச்சா, முடிக்கல. என்னையப் பாத்தா. நான் கவரையப் பாத்தேன்.

அந்த நேரம் சொல்லிருக்கணும். மாமா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, மகனை நெனச்சு. என் வாயில வந்தது, "பாத்துக்கிறேன் மாமா."

அவரு போனதுக்கப்புறம் வ. அடுப்படியிலேர்ந்து வந்தா. "ஏங்க, மாத்திரைங்க"ன்னா.

"தெரியும்."

"கருவாடு இல்ல. மாத்திரை."

"தெரியும்டீ!"

கத்திட்டேன். வந்ததுலேர்ந்து மொதத் தடவை. கனி உள்ளேர்ந்து எட்டிப் பாத்துச்சு.

பார்சல் நாலு. கவரைக் கட்டிலுக்கு அடியில வைக்க மனசு வரல, அலமாரியில சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சேன். கருவாடு, அதிரசம், பொடி எல்லாம் வீணாப் போகட்டும், தலையில அடிச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துறலாம். இது அப்படி இல்ல. ஒருத்தன் ரத்தத்துல ஏறிக்கிட்டிருக்கிற விசயம்.

11 ஜூலை, வெள்ளி

காத்து. பல்லு வலி கொறஞ்சிருக்கு.

காலையிலேர்ந்து போன். பழைய ரூம் ஆளுங்களுக்கெல்லாம் அடிச்சேன். யாரு இப்ப லீவு முடிஞ்சு போறா? மலையாளி: "அறியில்லா சேட்டா." நேபாளி தம்பி இப்ப கத்தார்ல. திருவாரூர்க்காரன் எடுக்கல. ஒவ்வொருத்தன்கிட்டயும் ரகசியமாப் பேச வேண்டியிருக்கு, மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. சூடு கால்ல ஏறுது. செருப்புப் போடாம ஏறிட்டேன், மடையன்.

மத்தியானம் கெடச்சுச்சு. குளத்தூர்க்காரர் ஒருத்தர், பேரு சேகரு, குமாரு இருக்குற அதே கேம்ப்பு. 15ந்தேதி திருச்சியிலேர்ந்து ஃபிளைட்டு. "ஞாயித்துக்கெழமை கொண்டாந்து குடுங்க, பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்"ன்னாரு.

கீழ எறங்கி வந்தா வ. கேட்டா, "யாருங்க போன்ல?"

"பல்லு டாக்டர்."

எங்கேர்ந்துதேன் வருதோ இதெல்லாம் என் வாயில.

சாயங்காலம் கீரமங்கலத்துப் பலாச்சுளை வாங்கியாந்தேன். மூணு பேரும் தின்னோம். கொட்டைய மட்டும் தட்டுல போட்டுக்கிட்டே இருந்தோம்.

13 ஜூலை, ஞாயிறு

மூணு மணி. வீடு வந்து சேந்தாச்சு. வந்ததுக்கப்புறம் நடந்ததையும் சேத்து எழுதுறேன்.

காலையில "பல்லு புடுங்கப் போறேன்"னு சொல்லிட்டு மாத்திரை, பொடி, அதிரசம், கருவாடு நாலையும் கட்டைப்பையில வச்சு எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். பல்லு புடுங்கப் போறவன் கையில கட்டைப்பை! வ. வாசல்ல நின்னு பாத்தா.

அறந்தாங்கி டு புதுக்கோட்டை, அங்கேர்ந்து திருச்சி பஸ்ஸு. கருவாட்டு வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

குளத்தூர் ஸ்டாப்புல சேகரு நின்னாரு. என் வயசுதேன் இருக்கும். கையில போனு, எட்டிப் பாத்தா பபுளு! சிரிப்பு வந்துருச்சு. "இந்த விளம்பரந்தேன் அண்ணே உசிரை எடுக்குது"ன்னாரு. "ஆமா, அதைத் தாண்டிட்டா அருமையான கேமு"ன்னேன். அவரு ஒரு பொம்பளைப் புள்ளை மாதிரி வெக்கப்பட்டாரு. "பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல. வேற ஒண்ணும் இல்லண்ணே."

மாத்திரைக் கவரைத் தனியாக் குடுத்து, இதைக் கைப்பையிலயே வைங்க, டாக்டர் சீட்டும் உள்ள இருக்குன்னு சொன்னேன். மத்ததையும் வாங்கிக்கிட்டாரு, கருவாட்டை மோந்து பாத்துட்டு, "சரி, எப்படியும் என் பொட்டில ஏற்கனவே ரெண்டு இருக்கு"ன்னாரு.

அப்புறம் கேட்டாரு: "நீங்களும் சார்ஜாதானே? நீங்க எப்பப் போறீங்க?"

"நான் போகல."

"லீவு நீட்டிட்டீங்களா?"

"இல்ல. முடிச்சுட்டு வந்துட்டேன். இனிமே போகல."

அம்புட்டுதேன். எவ்வளவு லேசா வந்துச்சு! பஸ் ஸ்டாப்பு, சாக்கடை, வாழைப்பழத் தள்ளுவண்டி, அங்க நின்னு சொல்லிட்டேன்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வீட்டுல இன்னும் சொல்லல."

சேகரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "என்கிட்ட சொல்லிட்டீங்க"ன்னாரு.

பஸ்ஸு பூரா அந்த வார்த்தைதேன் காதுல. புதுக்கோட்டையில டீ வாங்கி வச்சுட்டுக் குடிக்காமலே வந்துட்டேன்.

வீட்டுக்குள்ள நொழைஞ்சா, கனி டியூசன் போயிருச்சு. வ. கட்டில் ஓரத்துல, நான் உக்கார்ற அதே எடத்துல, காலை மடக்கி உக்காந்திருக்கா. கையில டப்பா. ரெண்டு கட்டைவிரலும் பறக்குது. நாக்கை ஓரத்துல கடிச்சுக்கிட்டு.

"நீயா?"

"இருங்க. இந்த ஒரு ஆட்டம்."

நின்னேன். என் வீட்டுல, என் பொண்டாட்டி முன்னாடி, ரூம்ல டப்பாவுக்கு வரிசையில நிக்கிறவன் மாதிரி நின்னேன். கூரை எறங்கிருச்சு, கோட்டுக்கு ஒரு வரிசைதேன் பாக்கி. "செவப்பு, செவப்பு எடது செவத்துல அடி"ன்னேன். "தெரியுது, சும்மா இருங்க"ன்னா. அடிச்சா. தெறிச்சுப் போயி மேல ஒட்டுச்சு. பொலபொலன்னு பூராக் கொட்டுச்சு.

டப்பாவ மடக்குனா.

"பல்லு புடுங்கியாச்சா?"

"வளரு, நான் திரும்பிப் போகல. வேலைய விட்டுட்டேன். அவங்க அனுப்பல, நாந்தேன். கையெழுத்துப் போடப் புடிக்கல. இங்க இருக்கணும்போல இருந்துச்சு. பார்சலு எல்லாத்தையும் இன்னொரு ஆள்கிட்ட குடுத்து விட்டுட்டேன். அதுக்குத்தேன் போனேன்."

ஒரே மூச்சு.

அவ டப்பாவுல ஒட்டுன டக்ட் டேப்பைச் சொரண்டுனா.

"லீவுல வர்ற மனுசன் சோறு வடிக்கிற குக்கரையுமா தூக்கிக்கிட்டு வருவான்? அன்னிக்கே தெரியும் எனக்கு."

"தெரியுமா! அப்ப எதுக்கு ஊரெல்லாம் 20ந்தேதி பயணம்னு..."

"நாந்தேன் சொல்லி விட்டேன். சுமதிக்கு, பாத்திமா அக்காவுக்கு, மதினிக்கு, எல்லாருக்கும். ஒண்ணு வந்தா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வாங்கி அடியில வச்சீங்க. சரி, ரெண்டு வரட்டும்னு பாத்தேன். மூணு வந்துச்சு. இந்த மனுசன் கழுத்து வரைக்கும் வந்தாத்தேன் வாயத் தொறப்பாருன்னு..."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கருவாட்டோட ஒரு வாரம் தூங்கிருக்கேன்! கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அவ அழுதுக்கிட்டிருந்தா.

"மாத்திரை நான் சொல்லி வந்தது இல்லங்க. சத்தியமா. மதினி வழியாத் தெரிஞ்சிருக்கு. அதை வாங்கிட்டும் நீங்க சொல்லல பாருங்க, அப்பத்தேன் பயந்து போயிட்டேன். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, 20ந்தேதி பொட்டியத் தூக்கிக்கிட்டு நெசமாவே எங்கயாச்சும் போயிருவீங்களோன்னு. இன்னிக்குக் கட்டைப்பையோட எறங்குனப்பக்கூட அதத்தேன் நெனச்சேன். கை கால் ஓடல. அதுக்குத்தேன் இதை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன்."

நான் போயிருவேனோன்னு பயந்திருக்கா. நான் இருந்தா இவளுக்குப் புடிக்காதோன்னு நான் பயந்திருக்கேன். ஒரே வீட்டுக்குள்ள.

பக்கத்துல உக்காந்தேன். கண்ணத் தொடச்சுக்கிட்டே கேட்டா, "யாருகிட்ட குடுத்தீங்க பார்சலை?"

சேகரைப் பத்திச் சொன்னேன். பஸ் ஸ்டாப்புல நடந்ததையும் சொன்னேன். அங்கதேன் தப்புப் பண்ணிட்டேன்.

"அப்ப மொதல்ல அந்தாள்கிட்டயா சொன்னீங்க?"

எந்திரிச்சு மாவு அள்ளப் போயிட்டா. இன்னும் பேசல. வாசல்ல தூக்குவாளிச் சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு.

14 ஜூலை, திங்கள்

லேசாத் தூறல், காலையில அஞ்சு நிமிசம். மண் வாசம் மட்டும்.

நானே போயி நாலு வீட்டுலயும் சொல்லிட்டேன். பாத்திமா அக்கா: "அதுனால என்ன தம்பி, கருவாடு போகுதுல்ல." சுமதி: "போகலையா? அப்ப அந்தப் பொடிய நீங்களே தின்னுருக்கலாமே அண்ணே!" மாணிக்கம் மாமாவுக்குப் போன் போட்டேன். சேகரு நம்பரையும் குடுத்தேன். "நல்ல முடிவு மாப்ள. எம்மகனும் வந்துட்டாத் தேவலை"ன்னாரு.

மதியம் வரைக்கும் தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. டீக்கடையில ஒருத்தன், "என்ன மாப்ள, இனிமே மாவு யாவாரமா?" "ஆமா"ன்னேன்.

கனிகிட்ட சொன்னேன். "தெரியும்பா, அம்மா சொன்னுச்சு. அப்ப நைட்டு நான் லைட்டுப் போட்டுப் படிக்கிறது எந்த ரூம்ல?" அதுக்கு அதுதேன் கவலை.

வ. இன்னும் கோவம். ஆனா பேச்சு வந்துருச்சு. நான் வாசல்ல வாளி கழுவிக்கிட்டிருந்தப்ப பரண்லேர்ந்து குக்கரை எறக்கி வச்சிருந்தா. கழுவித் தொடச்சு, வயரையெல்லாம் நீட்டிப் பாத்துக்கிட்டிருந்தா.

"இதுல எத்தனை பேருக்கு சோறு வேகும்?"

"ஒரு ஆளுக்குத்தேன். கடைசி வருசம் ஷிப்ட் மாறிப் போச்சு, நான் தனியாத்தேன் வடிச்சுக்கிட்டிருந்தேன்."

மூடியப் போட்டா. வயரைச் சுத்துனா. என் கையில குடுத்தா.

"அப்ப இது நமக்கு ஆகாது. மேலயே போட்டுருங்க."

ஏணிய எடுத்துக்கிட்டு வந்தேன்.